அரிசியைக் கடைசியில் கேள்

போன செவ்வாய்க்கிழமை கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மாடி வீட்டில் உட்கார்ந்திருந்தபோது என் கையிலிருந்த டேப்லெட்டில் சிவப்பு எழுத்து வந்தது. தேனிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், நான்கு பேர், கணவனுக்குக் கட்டட வேலை. போன முப்பது நாளில் அரிசி எவ்வளவு செலவானது என்று கேட்டேன். அந்தப் பெண் சொன்ன எண்ணை அப்படியே தட்டினேன். 'அளவு மிகக் குறைவு, சரிபார்க்கவும்' என்று திரை சிவந்தது. அவள் எட்டிப் பார்த்துவிட்டாள். "என்னக்கா, தப்பாயிருச்சா? கொறவா இருக்கா? வேணும்னா கூட்டிப் போட்டுக்கங்க" என்றாள். ஏதோ திருடிப் பிடிபட்டவள் போல அவள் முகம் போனது.

நான் கூட்டவில்லை. மறுபடி கேட்டேன், அதே எண்ணைச் சொன்னாள். 'மறுபடி கேட்டேன், அளவு சரி' என்று குறிப்புப் பெட்டியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். வேலை முடிந்து மரப்படியில் இறங்கினேன். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். மேலே அவர்கள் அடுப்பில் அரிசி கொதிக்கிற வாசனை படி வரைக்கும் வந்தது. அங்கே உட்கார்ந்தபோதுதான் இனிமேலும் தள்ளிப்போடக் கூடாது, உனக்கு எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நீ இதைப் படிக்கப் போவதில்லை என்று தெரியும். உயிரோடு இருந்திருந்தாலும் முழுசாகப் படித்திருப்பாயா என்பது சந்தேகம்தான். மலையாளப் பத்திரிகையை ஒரே மூச்சில் முடிக்கிற நீ, தமிழ் என்றால் எழுத்துக்கூட்டிப் பாதியில் விட்டுவிடுவாய். நான் எதையாவது எழுதிக் காட்டினால், "ரேடியோவுல நியூஸ் வாசிக்கற மாதிரி எழுதறியேடி" என்பாய். இன்றைக்கும் அப்படித்தான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

நாம் இருவரும் ஒரே நாளில்தான் அந்த ஒப்பந்த வேலையில் சேர்ந்தோம். வீடு வீடாகப் போய், என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு சாப்பிட்டீர்கள், மற்றபடி எதெதற்குச் செலவு செய்தீர்கள் என்று கேட்டு எழுதுகிற வேலை. இப்படி நாடு முழுவதும் எழுதியதைக் கூட்டித்தான், ஜனங்கள் சாப்பாட்டுக்குச் செலவிடுகிற பங்கு கூடுகிறதா குறைகிறதா என்று சொல்வார்கள். பயிற்சியின் முதல் நாள் அதிகாரி பலகையில் ஒரு கோடு போட்டார். கோடு இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கியது. வருமானம் ஏற ஏறச் செலவில் சாப்பாட்டின் பங்கு இப்படி இறங்கும், இறங்கினால் வீடு முன்னேறுகிறது என்று அர்த்தம், நாடும் அப்படியே என்றார். நீ கையைத் தூக்கினாய். "சார், சாப்பிடாம இருந்தாலும் பங்கு எறங்குமே?" அறையே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். "அப்படி ஒரு வீடு கிடைத்தால் குறிப்பு எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார்.

வேலையில் உன் பக்கத்தில் நிற்க எங்களில் யாருக்கும் தகுதி கிடையாது. படிவத்தில் முதல் கேள்வியே அரிசிதான். நாங்கள் வரிசை தப்பாமல் அதிலிருந்து தொடங்குவோம். நீ மட்டும் நேராக அடுக்களை வாசலுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து, "சேச்சி, இப்போ மத்தி என்ன வெல?" என்று மீனில் தொடங்குவாய். மீன் பேச்சு என்றால் இந்த ஊரில் யார் வாயும் மூடாது. அதிலிருந்து தேங்காய்க்கும் தேங்காயெண்ணெய்க்கும் சாயாப்பொடிக்கும் தாவி, ஊர்வம்பு பேசுகிற மாதிரியே முக்கால் படிவத்தை நிரப்பிவிடுவாய். ஏன் இப்படித் தலைகீழாகப் போகிறாய் என்று நான் கேட்டதற்கு, "அரிசியக் கடைசியில கேளு. அரிசின்னு கேட்டதும் ஆளுங்களுக்கு மானம் வந்துடும். இல்லாத வீட்டுக்காரங்கதான் கூட்டிச் சொல்லுவாங்க. கொஞ்சம் பேசிப் பழகிட்டுக் கேட்டா உள்ளது வரும், பாத்துக்கோ" என்றாய். பார்த்தேன். நீ சொன்னது ஒரு வீட்டில்கூடத் தப்பவில்லை.

எத்தனை அடுக்களை பார்த்திருப்போம்! தொடக்கத்தில் அரிசி, பருப்பு, எண்ணெய் என்றே பக்கங்கள் நிறையும். துணி, பள்ளி, வைத்தியம் எல்லாம் கடைசியில் நாலு வரி. வருஷம் போகப் போக அது மாறிக்கொண்டே வந்தது. அரிசி சுருங்கியது. கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கு கொல்லையிலிருந்து கடைக்குப் போய் விலைக்கு வந்தது. முட்டை ஏறியது, கோழி ஏறியது, பேக்கரிப் பொட்டலங்களும் ஓட்டல் பொரோட்டாவும் ஏறின. அப்புறம் போன் ரீசார்ஜ், ட்யூஷன், ஸ்கூட்டர் தவணை, ஆஸ்பத்திரி என்று சாப்பாடே இல்லாத பக்கங்கள் தடித்தன. பத்திரிகையில் கட்டுரை வருவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே நாம் அதையெல்லாம் அடுக்களையில் பார்த்துவிட்டோம். ஃபோர்ட் கொச்சியில் ஒரு அம்மாள், "பிஸ்கட்டா? நாங்க வாங்கறதே இல்ல" என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் பேத்தி இரண்டு கையிலும் பிஸ்கட்டோடு நம் நடுவில் வந்து நின்றாளே, நினைவிருக்கிறதா? நீ முகத்தை அசைக்காமல் பிஸ்கட் கேள்வியை மறுபடி முதலிலிருந்து கேட்டாய். தெருமுனை திரும்பும் வரை அடக்கிக்கொண்டு வந்து அங்கே நின்று சிரித்தோம்.

அதெல்லாம் உன் கணவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போகும் வரைதான். வெலிங்டன் தீவில் ஒரு சரக்குக் கிடங்கில் நல்ல வேலையில் இருந்த மனிதர். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனதும் அவர் வேலை போனது. மூன்று நாளும் நீதான் கூடப் போக வேண்டும். மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றுகிற நம் வேலை உனக்குக் கட்டுப்படியாகவில்லை. வைட்டிலாவில் ஒரு ஃப்ளாட்டில் சமையலுக்குச் சேர்ந்தாய். கிடைத்த உதவிகள் டயாலிசிஸுக்கே சரியாகிவிட்டன. ஊசி, மருந்து, ஆட்டோ எல்லாம் கையிலிருந்துதான். இரண்டு பேர் சம்பாதித்த காலத்து வெள்ளை ரேஷன் கார்டு அப்படியே இருந்ததால் இலவச அரிசியும் இல்லை. கார்டை மாற்ற அலைந்து கொண்டிருப்பதாக ஒருமுறை போனில் சொன்னாய். அப்புறம் போன் குறைந்தது. நான்தான் குறைத்தேன். உன் கஷ்டத்தைக் கேட்டுவிட்டு ஒன்றும் செய்ய முடியாமல் போனை வைப்பது எனக்குச் சங்கடமாக இருந்தது. வேலை அதிகம் என்று என்னிடமே நான் சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

அப்படி இருக்கையில்தான் என் பட்டியலில் உன் வீடு வந்தது. யாரும் தேர்ந்தெடுத்தது இல்லை, சீட்டு விழுகிற மாதிரி விழுந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். வேலையோடு வேலையாக உன்னையும் பார்த்துவிடலாமே! முதல் நாளே போனில் சொல்லிவிட்டு வந்தேன். நீ முன்னறையில் இரண்டு நாற்காலி போட்டு வைத்திருந்தாய். உள்ளே உன் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார், மகள் பள்ளிக்குப் போயிருந்தாள். எனக்குச் சாயா கொடுத்தாய். உனக்கு எங்கே என்றால், "இப்பத்தான் குடிச்சேன்" என்றாய்.

நீ பாதியாகிப் போயிருந்தாய். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "மெலிஞ்சு நல்லா ஆயிட்டியேடி, என்ன டயட்டா?" என்று கேட்டேன். அந்த வாயை இப்போது என்ன செய்வது? நீ சிரித்தாய். "வைட்டிலா ஃப்ளாட்டுல எல்லாரும் டயட்டு. எனக்கும் ஒட்டிக்கிச்சு" என்றாய்.

உன் வீட்டில் தரையில் உட்கார்ந்து மீனில் தொடங்க எனக்குத் தோன்றவில்லை. எல்லாம் தெரிந்தவளிடம் என்ன சுற்றி வளைப்பு என்று படிவ வரிசைப்படியே போனேன்.

"அரிசி?" என்றேன்.

"பதினொண்ணு" என்றாய்.

தட்டினேன். திரை சிவந்தது.

"என்னடி, மூணு பேருக்கு மாசம் பதினொரு கிலோவா? செவப்பு வருது பாரு. இதத் திருப்பி அனுப்பிடுவாங்கடி, நான் மறுபடி வந்து நிக்கணும்" என்றேன்.

நீ என் முகத்தைப் பார்த்தாய், பிறகு டேப்லெட்டைப் பார்த்தாய். சாயா கிளாஸ் மேசையில் விட்ட ஈர வட்டத்தை முந்தானையால் துடைத்தாய். "எவ்வளவு போட்டா செவப்பு வராது?" என்றாய்.

"ஒரு இருபது, இருபத்திரண்டு இருந்தா போயிடும்."

"அப்போ இருபத்திரண்டு போட்டுக்கோ."

போட்டுக்கொண்டேன். இரண்டு பேரும் சிரித்தோம்கூட. நான் நிஜமாகவே சிரித்தேன். தொழில் தெரிந்த இரண்டு பேர் சேர்ந்து மேலதிகாரியை ஏய்க்கிற பழைய குஷி எனக்கு. நீ கணக்கு மறந்து ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாய் என்றே நினைத்தேன்.

அதற்குப் பிறகு உன் பதில்கள் சறுக்காமல் வந்தன. மீன்? வாரத்தில் மூன்று நாள் மத்தி. முட்டை? இருக்கிறது. பால்? அரை லிட்டர். ஒரு நாளைக்கு எத்தனை வேளைச் சாப்பாடு? "மூணு பேருக்கும் மூணு நேரம்." ஒரு சிவப்புக்கூட வரவில்லை. மருந்துச் செலவைக் கேட்டபோது மட்டும் எழுந்து போய் ஒரு பை நிறைய ரசீது கொண்டுவந்து வைத்தாய். அது அத்தனையும் உண்மை. படியிறங்கும்போது நான், "உன்னை மாதிரி பத்து வீடு கெடச்சா என் வேலை ஒரு நாள்ல முடிஞ்சிடும்" என்றேன். நீ வாசலில் நின்று கையாட்டினாய்.

அதிலிருந்து ஐந்தாவது மாதம், வைட்டிலா ஃப்ளாட்டின் அடுக்களையில், கொதிக்கிற சாம்பாருக்குப் பக்கத்தில் நீ விழுந்தாய். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாய். உடம்பில் ரத்தமே இல்லை, இது ஒரு மாதத்திலோ இரண்டு மாதத்திலோ வந்தது இல்லை, நெடுநாளாகச் சாப்பாடு போதாத உடம்பு, இதயம் தாங்கவில்லை என்று டாக்டர் சொன்னார். நான் வராந்தாவில் நின்று கேட்டேன். அந்த ஃப்ளாட்டுக்காரப் பெண்மணி அழுதார். "நம்ம வீட்டுல எத்தனை சொன்னாலும் உட்கார்ந்து சாப்பிடமாட்டா. மகளுக்குன்னு டப்பாவுல எடுத்துட்டுப் போவா. அவளும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடறான்னு நான் நெனச்சேன்" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே பதினொண்ணு என்ற உன் குரல் காதில் விழுந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அரிசி என்றதும் இல்லாதவர்கள் கூட்டிச் சொல்வார்கள் என்று கண்டுபிடித்தவளே நீதான். அதுவரை இத்தனை வருஷத்தில் எடுத்த எடுப்பில் உள்ளதைச் சொன்ன ஒரே ஆள் நீ. மூன்று பேருக்குப் பதினொன்று என்றால் என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். அதனால்தான் என்னிடம் சொன்னாய். பட்டினி கிடக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல உனக்கு நா எழாது. நம் தொழில் பாஷையில் சொன்னாய். நான் அதைப் பிழை என்று திருத்தினேன். திருத்திய பிறகு நீயும் மற்ற வீடுகளைப் போலவே ஆகிவிட்டாய், எனக்கு எது வசதியோ அதையே சொன்னாய்.

காரியமெல்லாம் முடிந்த வாரம் என் மேற்பார்வையாளரிடம் போய், அந்த வீட்டில் அரிசியை நான் கூட்டிப் போட்டுவிட்டேன், மாற்ற வேண்டும் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "சேச்சி, அதெல்லாம் மேலே போயாச்சு. ஒரு வீடுதானே, சாரமில்ல" என்றார். சாரமில்ல என்றால் பரவாயில்லை என்று அர்த்தம் என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஒரு வீடுதானே என்பது அவருக்கும் தெரிந்த பொய். நாம் எழுதுகிற ஒவ்வொரு வீடும், நாம் போகாத எத்தனையோ வீடுகளுக்காகவும் சேர்த்துப் பதில் சொல்கிறது. உன்னை மாதிரி அடுப்பைச் சுருக்கிய வீடுகளுக்கெல்லாம் பதிலாக நான் இருபத்திரண்டு கிலோ அரிசியும் மூன்று நாள் மத்தியும் எழுதி அனுப்பியிருக்கிறேன். அத்தனை வீட்டு அடுப்பிலும் பொய்யாகச் சோறு வடித்தவள் நான்.

அப்புறம் அறிக்கை வந்தது. மறுபடி ஒரு பயிற்சி வகுப்பு, மறுபடி அந்தக் கோடு, இப்போது பெரிய திரையில் கலரில். சாப்பாட்டின் பங்கு முன்னைவிட இறங்கியிருக்கிறது, நல்ல செய்தி என்றார்கள். புதுப் பிள்ளைகள் போனில் படம் பிடித்துக்கொண்டார்கள். நான் உன் வீட்டை மனசில் போட்டுப் பார்த்தேன். மருந்துப் பையில் இருந்ததெல்லாம் செலவுதானே? செலவு அதிகம் என்றால் வசதி அதிகம் என்றுதான் அந்தக் கணக்கு உன்னை வரிசைப்படுத்தும். நான் கூட்டிப் போட்ட அரிசியையும் சேர்த்துப் பார்த்தாலும் உன் வீட்டில் சாப்பாட்டின் பங்கு கொஞ்சம்தான். அந்தச் சரிவில் உன் வீடு முன்னேறிய வீடுகளுக்குப் பக்கத்தில் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒருத்தரும் கையைத் தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை. டீயும் வடையும் வந்தன, எடுத்துக்கொண்டேன்.

நாடு முன்னேறவில்லை என்று நான் சொல்லமாட்டேன். நாம் பார்த்த முட்டையும் கோழியும் பொய் இல்லை. நிறைய வீடுகளில் அரிசி சுருங்கியது நல்லதற்குத்தான். ஆனால் நல்லதற்குச் சுருங்கிய அரிசியும் உன் வீட்டில் சுருங்கிய அரிசியும் தாளில் ஒரே மாதிரி இருக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு ஆள் அடுக்களை வாசலில் உட்கார வேண்டும். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் உன் மகளைப் பார்க்கப் போனேன். ப்ளஸ் டூவோடு படிப்பு நின்றுவிட்டது. ஆலுவாவில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். கடை விடுமுறை நாளைக் கெஞ்சி மாற்றி வாங்கி அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறாள். மற்ற நாட்களில் பக்கத்து வீட்டுக்காரர் போகிறார். உன்னைப் போலவே பேசுகிறாள், தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிக்கிறாள். நான் கிளம்பும் நேரத்தில் கேட்டாள்.

"ஆன்ட்டி, அம்மா பத்து கிலோ பை ஒண்ணு, அதுக்கு மேல ஒரு கிலோ, அவ்வளவுதான் ஒரு மாசத்துக்கு வாங்கும். எனக்கும் அச்சனுக்கும் போட்டுட்டு அது கஞ்சித்தண்ணி குடிச்சிட்டுப் படுத்துக்கும். எனக்கு அப்போ தெரியல. தெரிஞ்சிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டாள். பிறகு, "நம்ம வீடு லிஸ்ட்டுல வந்திருக்குன்னு நீங்க போன் பண்ணின அன்னிக்கு அம்மாவுக்குப் பெரிய சந்தோஷம். 'நாளைக்கு அவ வருவா, அவள்ட்ட சொல்லணும், அவளுக்கு மனசிலாகும்'னு சொல்லிச்சு. ஆன்ட்டிட்ட அம்மா சொல்லிச்சா?" என்று கேட்டாள்.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் உன் கணவர் இருமினார்.

"இல்ல மோளே" என்றேன். "ஒண்ணும் சொல்லல."

அவள் தலையை ஆட்டினாள். "எனக்குத் தெரியும். அது அப்படித்தான். யார்ட்டயும் வாயத் தொறக்காது. ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னிக்கு இருந்திருக்கும்" என்றாள். அழவில்லை. கோபமாக இருந்தாள், உன் மேல். வாயை மூடிக்கொண்டு செத்துப்போன அம்மா என்று உன் மேல் அவளுக்கு ஆறாத கோபம். வாசல் வரை வந்து எனக்குச் செருப்பை எடுத்துக் கொடுத்தாள்.

ஒருமுறை டேப்லெட்டில் உன் பதிலை மாற்றினேன். இரண்டாவது முறை உன் மகளிடம் மாற்றினேன். முதல் தடவையாவது தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அவளிடம் திரும்பப் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும். மூன்று முறை பஸ் ஏறி, ஆலுவாவில் அந்தக் கடை வாசல் வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் யாருக்கோ துணி விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு வரை அவள் உன்னைத்தான் கோபித்துக்கொண்டிருக்கிறாள். நீ சொன்னாய். முதல் கேள்விக்கே சொன்னாய்.